மூச்சு விட்ட பானை

தம்மம்பட்டி,
9-6-2024

அம்மிணி தனப்பிரியாவுக்கு, உன்ற மச்சாண்டார் சென்னியப்பன் எழுதறது.

நான் மூணாவது வரைக்குந்தான் பள்ளிக்கூடம் போனேன். அதுலயும் பாதி நாளு வாத்தியார் ஊட்டு எருமைய மேய்க்கப் போயிட்டேன். எழுத்து கோணையா இருந்தா அதுக்கும் ஒரு கேஸ் போட்றாத.

போன்ல கூப்புட்டா நீ எடுக்கறதில்ல. கேஸ் முடியற வரைக்கும் நம்மூரு எருமப்பட்டிப் பக்கம் தலை காட்டக்கூடாதுன்னு ஜாமீன்ல சொல்லிப்போட்டாங்க. அதனால இங்க ஒரு பாக்குத் தோப்புல காவலுக்குக் கெடக்கறேன். பாக்கு பறிக்க வாரவன் ஒருத்தன் இருக்கறான். ஒரு மரத்துல ஏறுனான்னா எறங்கவே மாட்டான். உச்சியிலயே ஆடி ஆடி அடுத்த மரத்தப் புடிச்சுத் தாவிப் போயிருவான். பகல் பூரா அண்ணாந்து அவனையே பாத்துக்கிட்டு இருப்பேன். என்னிக்காச்சும் உழுவானான்னு. மனுசன் சும்மா உக்காந்திருந்தா மனசு அப்பிடித்தான் போகுது.

சொல்ல வந்த நாயத்துக்கு வாரேன். ஆவணியில நாமக்கல் கோர்ட்டுல உன்னைய சாட்சிக்குக் கூப்புடுவாங்களாம். கூண்டுல ஏறி நீ ஒரே ஒரு பேச்சு சொன்னாப் போதும். வரப்புல வழுக்குச்சு, மம்முட்டி மேல கை பட்டுருச்சு, அவ்வளவுதான். உன்ற புருசன், என்ற தம்பி சிவக்குமாரும் அதத்தான் சொல்றான். குடும்பம் ஒண்ணாப் போகும். நீயும் அப்பன் ஊட்டுல தறிச் சத்தத்துல கெடக்க வேண்டாம்.

சொல்ல மாட்டேன்னு நின்னயின்னா நான் உள்ள போவேன். போனவன் ஒரு நாளைக்கு வெளிய வருவேன். நீ இருக்கற வெண்ணந்தூருக்கு பஸ்சு இருக்குது.

இன்னொண்ணு. அந்தப் பானைக்குள்ள என்னத்த வெச்ச? அத மட்டும் சொல்லிப்போடு. கண்ண மூடுனா அதுதான் வருது.

சென்னியப்பன்

*

வெண்ணந்தூர்,
18-6-2024

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

மாமா என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். மேலே இருக்கிற கிறுக்கல் அதுதான். எழுத்து கோணலாக இருப்பதற்கு நானும் காரணம் சொல்லலாம். மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லாத கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

சாட்சிக்கு இப்படிக் கடிதம் போடுவதே உங்கள் ஜாமீனை முறித்துவிடும். இதை என் வக்கீலிடம் காட்டலாம். இன்னும் காட்டவில்லை.

நான் வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல வேண்டுமாம். விழுந்தவளின் தலைமுடியை உங்கள் மனைவி ஆத்தாயி அக்கா எதற்குச் சுருட்டிப் பிடித்திருந்தார்? விழுந்தவள் வாயில் மண்ணோடு சேர்த்து அந்தப் பானையில் இருந்ததை அள்ளித் திணித்தது யார்? "வெச்சவ வாயிலயே போடு, அப்பத்தான் திரும்பும்" என்றார் அக்கா. நீங்கள் வாயோடு நிறுத்தவில்லை. அதிலிருந்த மிளகாய்ச் சாந்தைக் கண்ணில் அப்பித் தேய்த்தீர்கள். துடைக்கக் கையைத் தூக்கினேன். அந்தக் கையில்தான் மண்வெட்டி இறங்கியது. இடது கண்ணில் இன்றைக்கும் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ஆளும் தெரியாது, மரமும் தெரியாது.

ஆனாலும் பதில் எழுதுகிறேன். ஏன் தெரியுமா? எதற்குப் புதைத்தாய் என்று போலீஸ் கேட்டது. எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்டார். "உனக்கு ஏண்டி இந்த வேலை" என்று என் அம்மா கேட்டாள். உள்ளே என்ன இருந்தது என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

முட்டைக்கோஸ் இருந்தது. வெள்ளை முள்ளங்கி, வெங்காயத் தாள், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், அரிசி மாவுக் கஞ்சி, ஊறவைத்த நெத்திலிக் கருவாடு இருந்தன. அதற்குக் கிம்ச்சி என்று பெயர். கொரியாக்காரர்கள் எதைச் சாப்பிட்டாலும் அது பக்கத்தில் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸ் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் நான் லைனில் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். அங்கே கேண்டீனில் போடுவார்கள். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டோடு கொட்டினேன். மழைக்காலம் வருவதற்குள் அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே வந்த பிறகு அந்தப் புளிப்புக்கு நாக்கு ஏங்கியது. யூடியூப் பார்த்துப் பார்த்துச் செய்து பழகினேன்.

ஃபிரிட்ஜில் வைத்தால் பாலில் நாற்றம் ஏறுகிறது என்று வீட்டில் பேச்சு வந்தது. சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாளில் பொங்கிவிடும். அந்த ஊரில் பானையை மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள் என்று வீடியோவில் காட்டினார்கள். கிணற்று வாய்க்கால் ஓரம் எப்போதும் ஈரமாக இருக்குமே என்று அங்கே புதைத்தேன். வாயைக் கட்டிய மஞ்சள் துணி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சப்பை. வீட்டில் சுத்தமாக இருந்த துணி அது ஒன்றுதான்.

உங்கள் பண்ணைக் கோழிகள் செய்வினையால் சாகவில்லை, வெயிலில் செத்தன. அன்று கரண்ட் இல்லை. ஷெட்டில் தண்ணீர் தெளிக்கிற குழாய் ஓடவில்லை. இது உங்களுக்கும் தெரியும்.

தனப்பிரியா

*

தம்மம்பட்டி,
25-6-2024

அம்மிணி,

லெட்டரு வந்துது. டீக்கடைக்காரன் பிரிச்சுப் படிச்சுக் காட்டட்டுமான்னான். கைய ஒடைச்சுப்போடுவேன்னேன். நானே எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பொழுது எறங்கிப் போச்சு.

ஊறுகான்னு சொல்ற. எங்கம்மா போடாத ஊறுகாயா? மாங்கா, நாரத்தங்கா, எலுமிச்சங்கா, எல்லாம் தின்னு வளந்த ஒடம்புதான் இது. எந்த ஊறுகாயாச்சும் மூச்சு உட்டுப் பாத்திருக்கறயா?

அன்னிக்கு நடந்தத நானுஞ் சொல்றேன், கேட்டுக்க. ஷெட்டுக்குள்ள கால் வைக்க எடமில்லாம கோழிவ செத்துக் கெடக்குது. வாயத் தொறந்து றெக்கைய விரிச்சுக்கிட்டு அப்பிடியே ஒண்ணு மேல ஒண்ணு. உசுரோட இருக்கறது செத்தது மேல ஏறி நிக்குது. டிராக்டர்ல வாரிப் போட்டுக் குழியில தள்ளிக்கிட்டு இருக்கறேன். ஆத்தாயி ஓடியாந்து, "ஏனுங்க, உங்க தம்பி பொண்டாட்டி வாய்க்கா ஓரத்துல மஞ்சத்துணி கட்டிப் பானை பொதைச்சதை நான் பாத்தனுங்க"ங்கறா. மஞ்சத்துணி. நம்ம பக்கத்துல மஞ்சத்துணி கட்டிப் பானை பொதைச்சா என்னன்னு நீயே சொல்லு.

தோண்டுனேன். துணிய அவுத்தேன். புஸ்ஸுன்னு முகத்துல மூச்சு உட்டுது அம்மிணி. உள்ள செவப்புத் தண்ணியில குமிழி குமிழியா வந்து ஒடையுது. நூலு நூலா முடியாட்டம் மெதக்குது. அதுக்கு நடுவுல சின்னச் சின்னக் கண்ணு என்னையப் பாக்குது. கோழி செத்த நாத்தம் ஒரு பக்கம், இந்த நாத்தம் ஒரு பக்கம். என்ற ரத்தமே தலைக்கு ஏறிப்போச்சு. மம்முட்டி கையில இருந்துது. வேற ஏதாச்சும் இருந்திருந்தா அதுல அடிச்சிருப்பேன்.

எங்கப்பன் ஒரு தடவ செய்வினை எடுக்க ஆளக் கூட்டியாந்தாரு. வந்தவன் தின்ன கறிக்கு ஒரு கெடாயே போச்சு. எடுத்தது ஒரு தாயத்து, அதுவும் அவன் மடியில இருந்து உழுந்ததுன்னு ஊரே சிரிச்சுது. நான் ஒண்ணும் எல்லாத்தையும் நம்பற ஆளு கெடையாது. ஆனா மூச்ச நான் என்ற முகத்துல வாங்குனேன்.

ஒண்ணு பண்ணு. எப்பிடிப் போடறதுன்னு வெவரமா எழுது. நானே இங்க போட்டுப் பாக்கறேன். மூச்சு உட்டுதுன்னா நீ சொல்றது நெசம். உடலன்னா, விரலு போனதுக்கப்புறமும் நீ என்னைய முட்டாளாக்கறன்னு அர்த்தம். அப்பறம் நான் கோர்ட்டு வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

சென்னியப்பன்

*

வெண்ணந்தூர்,
3-7-2024

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் ஒரு வரி தப்பினால் உங்கள் பானை மூச்சு விடாது. நீங்கள் அரிவாளோடு பஸ் ஏறுவீர்கள். அதனால் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். சமையல் சொல்லிக்கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இறுக்கமான முட்டைக்கோஸாக வாங்குங்கள். விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். கல்லுப்பைக் கை நிறைய அள்ளி, இலைக்கு இலை படும்படி பிசறுங்கள். பொடி உப்பு வேண்டாம். கோஸ் துவண்டு, வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும். அதுவரை பொறுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி ஓர் இலையை மென்று பாருங்கள். கறிக்குப் போடுவதைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகக் கரித்தால் சரி. உப்பு குறைந்தால் அழுகும். கூடினால் நுரைக்காது.

ஒரு கரண்டி அரிசி மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சுங்கள். நன்றாக ஆறட்டும். சூட்டோடு கலந்தால் எல்லாம் செத்துப்போகும். பூண்டு, இஞ்சி, தலை கிள்ளி ஊறவைத்த நெத்திலி மூன்றையும் அம்மியில் அரையுங்கள். நான் அன்றைக்கு நாலைந்து நெத்திலியைத் தலையோடு முழுசாகப் போட்டேன். நீங்கள் பார்த்த கண் அதுதான். முடி என்கிறீர்களே, அது முள்ளங்கியை நூலாகச் சீவியது. நீட்டு மிளகாய்த்தூள் போடுங்கள், காரம் குறைவாகவும் சிவப்பு அதிகமாகவும் இருக்கும். எல்லாவற்றையும் கையால் பிசைந்து, காற்று இல்லாமல் அமுக்கிப் பானையில் வையுங்கள். கால் பானை காலியாக இருக்கட்டும். கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடாதீர்கள், வெடிக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அந்தக் குழியைத் தோண்டியது நான் இல்லை. உங்கள் தம்பி.

போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு சத்தீஸ்கர் போவதற்கு முந்தின நாள், அவரேதான் கடப்பாரையைப் போட்டுத் தோண்டினார். பழைய சோற்றுக்குக் கிம்ச்சியை என்னைவிட அதிகமாகத் தின்றவர் அவர். "அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாத, பொண்டாட்டி சொன்னான்னு குழி வெட்டறான்னு சிரிப்பான்" என்றார். அன்றைக்கு நீங்கள் என்னை அடிக்கும் முன்னால் அவருக்குப் போன் போட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள். "உன்ற பொண்டாட்டி பானை பொதைச்சது உனக்குத் தெரியுமாடா?" என்றீர்கள். லாரிச் சத்தத்துக்கு நடுவில் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கண்ணா" என்றார். நான் மண்ணில் மண்டியிட்டிருந்தேன். அக்கா என் முடியைப் பிடித்திருந்தார். அந்த மூன்று சொல்லையும் கேட்டேன். அதற்கப்புறம்தான் மண்வெட்டி வந்தது.

தனப்பிரியா

*

தம்மம்பட்டி,
24-7-2024

அம்மிணி,

போட்டேன்.

சந்தைக்குப் போயி முட்டைக்கோஸ் வாங்குனேன். கோஸ்காரி, "ஒண்டி ஆளுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கோஸு"ன்னா. எதிரிக்குன்னேன். அவ சிரிச்சா. நான் சிரிக்கல. அம்மி இங்க கெடையாது. பாறையில வெச்சுக் கல்லுல நச்சிக்கிட்டேன். பூண்டு மட்டும் நீ சொன்னதுக்கு மேல ஒரு புடி அள்ளிப் போட்டேன். என்ற கை அப்பிடி.

பானைய மூலையில வெச்சுப்போட்டு எதுத்தாப்புல உக்காந்துக்கிட்டேன். பக்கத்துல அருவா. மொத நாளு ஒண்ணுமில்ல. ரெண்டாவது நாளு பொழுதோட சித்தெ கிட்டப் போயிக் காத வெச்சேன். நண்டு மண்ணுக்குள்ள நகுந்தா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி உள்ளுக்குள்ள கிசுகிசுன்னு கேக்குது. மூடியிருந்த தட்டைத் தூக்குனேன். புஸ்ஸுன்னுச்சு. அதே மூச்சு. அருவாளத் தூக்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். தூக்கின கையோட ரொம்ப நேரம் நின்னேன். பொறவு கைய உட்டு ஒரு துண்டு எடுத்து வாயில போட்டேன்.

மொதல்ல புளிச்சுது. அப்பறம் ஒறைச்சுது. அப்பறம் இன்னொரு துண்டு எடுத்தேன். ராத்திரிக்குக் களி கிண்டியிருந்தேன். வெறுங்களி தின்னு தின்னு நாக்கே மரத்துப் போயிருந்துது. அதுக்கு இது சேந்துது பாரு, சட்டியில கெடந்த களியப் பூரா வழிச்சுத் தின்னுபோட்டேன். இப்ப தெனமும் அதுதான். பாக்கு ஏறறவனுக்கும் ஒரு நாளு வெச்சேன். "அண்ணா, கள்ளு எறக்கறீங்களா"ன்னு கேக்கறான்.

நீ சொன்னது நெசம். அந்த மட்டுக்கும் ஒத்துக்கறேன்.

அதுக்காக நீ கூண்டுல ஏறி எனக்கு எதுராச் சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. தப்பு நடந்துபோச்சு, ரெண்டு பக்கமும். நீ பொதைச்சது தப்பு, நான் தோண்டுனது தப்பு.

ஆனா சிவக்குமாருதான் குழி வெட்டுனான்னு எழுதியிருக்கற பாரு, அதத்தான் என்னால முழுங்க முடியல. அவனத் தோள்ல தூக்கி வளத்தவன் நான். எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டான். கேஸ முடிக்க ராஜிப் பேப்பர் எழுதிக்கிட்டு இங்க வாரேன்னிருக்கறான். வரட்டும். கேக்கறேன்.

சென்னியப்பன்

*

வெண்ணந்தூர்,
1-8-2024

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

இரண்டு பக்கமும் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்துத் தப்பு உங்கள் வயிற்றில் களியோடு கிடக்கிறது. உங்கள் பக்கத்துத் தப்பு நாமக்கல் ஆஸ்பத்திரிக் குப்பையில் போய்விட்டது.

செப்டம்பர் 10-ம் தேதி ஆஜராகச் சொல்லி எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. போவேன். நடந்ததைத்தான் சொல்வேன்.

அவரிடம் கேட்பதும் கேட்காததும் உங்கள் பாடு. ஆனால் கை வைக்காதீர்கள். அவருக்காகச் சொல்லவில்லை. நீங்கள் யாரை அடித்தாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. இனி எழுத வேண்டாம்.

தனப்பிரியா

*

மத்தியச் சிறை, சேலம்,
19-8-2024

அம்மிணி,

எழுத வேண்டாம்னு சொன்ன. இது ஒண்ணு மட்டும். இங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்களாம். படிக்கட்டும், எல்லாம் போலீசுல சொன்னதுதான்.

உன்ற புருசன் வந்தான். சொன்ன பஸ்சுல வரல, தாமசமா வந்தான். அவன் எப்பவும் அப்பிடித்தான். பொறந்ததே தாமசமாத்தான்னு எங்கம்மா சொல்லுவா. கையில ஒரு கவரு, அதுக்குள்ள ராஜிப் பேப்பர். வெளுத்த சட்டை. உக்காருடான்னேன். பசிக்குதுன்னான். பழைய சோறுதான் இருக்குதுன்னேன். போடுங்கண்ணான்னான்.

நான் ஒண்ணுமே கேக்கல. சோத்தப் போட்டேன். பக்கத்துல ஒரு தேங்காத் தொட்டியில அத வெச்சேன். பேரு கூடச் சொல்லல.

அவன் தொட்டிய இழுத்தான். மோந்து பாக்கல, என்னதுன்னு கேக்கல. எடுத்துச் சோத்துல போட்டு, அந்தச் செவப்புத் தண்ணியவும் சேத்து ஊத்தி, பெசஞ்சு, கண்ண மூடிக்கிட்டுத் தின்னான். நாலு வாயி போயிருக்கும்.

"பூண்டு எச்சாப் போட்டிருக்கறா. அவ குடுத்து உட்டாளாண்ணா?"ன்னான்.

"எவடா?"ன்னேன்.

அப்பத்தான் கண்ணத் தொறந்தான். கை சோத்துல இருக்குது. வாயில இருக்கறத முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நான் அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். சின்னதுல மாங்கா திருடிப்போட்டு நிப்பானே, அதே மூஞ்சி.

"நீதான் குழி வெட்டுனயா?"

"அண்ணா, அது வந்து..."

"வெட்டுனயாடா?"

"நீங்க சிரிப்பீங்கன்னு..."

"நான் சிரிப்பன்னு. நான் சிரிப்பேன்னு அவ கைய வெட்ட உட்டயா?"

"நீங்க அடிப்பீங்கன்னு எனக்குத் தெரியுமுங்களா? வண்டியில கூட நாலு பேரு இருந்தாங்க. பொண்டாட்டி ஊறுகாய்க்குக் குழி வெட்டுனன்னு எப்பிடிங்கண்ணா சொல்லறது"ன்னான்.

கடப்பாரை சாத்தியிருந்துது. மொத அடி மொழங்காலுக்குக் கீழ. கரும்பு ஒடியற சத்தம். ரெண்டாவது அடி அதே எடத்துல. கத்துனான். உட்டிருக்கலாம். உடல. மத்தக் காலுலயும் போட்டேன். சோறு பூரா ரத்தம். பாக்கு ஏறறவன் உச்சியில இருந்து கத்தறான். அன்னிக்குத்தான் அவன் ஏறுன மரத்துலயே எறங்கி ஓடியாந்து என்னையப் பின்னால கட்டிப் புடிச்சான். இல்லாட்டி மண்டைக்குப் போயிருக்கும்.

ஜாமீனு போச்சு. அவன் காலு ஒண்ண எடுத்துட்டாங்கன்னு ஆத்தாயி வந்து மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. கோழிப் பண்ணையும் பூட்டிக் கெடக்குதாம்.

நான் இத உனக்காகத்தான் செஞ்சேன் அம்மிணி. உன்ற கைக்கு அவன் கால வாங்கிப்போட்டேன். கணக்கு நேராப் போச்சு. இனி நீ கோர்ட்டுல எனக்கு எதுரா என்ன சொல்லறதுக்கு இருக்குது? வழுக்கி உழுந்தேன்னு சொல்லிப்போடு சாமி.

சென்னியப்பன்

*

வெண்ணந்தூர்,
29-8-2024

திரு. சென்னியப்பன் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு அமுங்கியிருந்தது. "வந்துட்டயா" என்றார். வந்தேன் என்றேன். நான் யார் என்று நர்ஸ் கேட்டபோது ஒறம்பரை, தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்காகச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்றல்லவா எழுதினேன்? வாய்க்கால் ஓரத்தில் உங்களை ஒரு பொய் முட்டாளாக்கியது. அதற்கு என்னை அடித்தீர்கள். தோப்பில் ஓர் உண்மை உங்களை முட்டாளாக்கியது. அதற்கு அவரை அடித்தீர்கள். பொய்யானாலும் உண்மையானாலும் உங்கள் கைக்கு ஒன்றுதான். அவர் கால் போனதால் என் விரல் முளைக்கவில்லை.

அவர் பொய் சொன்னது எனக்கு ஆறாது. அதையும் கோர்ட்டில் சொல்வேன். அந்தப் பொய்யைக் கேட்டதும் மண்வெட்டியை ஓங்கியது யார் என்பதையும் சொல்வேன். அக்கா முடியைப் பிடித்ததைச் சொல்வேன். வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்த வாரம்தான் முதல் தடவையாக மறுபடி அடுப்பில் நின்றேன். அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டி, மிளகாய்ச் சாந்தும் சர்க்கரையும் சேர்த்த குழம்பில் கொதிக்கவிட்டேன். கொரியாக்காரர்கள் ரோட்டோரம் நின்று தின்கிற பண்டம் அது. நம் கொழுக்கட்டைக்குக் காரம் போட்டதுபோல் இருக்கும். உருட்ட வரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடிமனில் வந்தது. மிளகாய் நெடி ஏறியதும் கண் தானாக மூடிக்கொண்டது. அடுப்பை அணைத்து, வெளியே வந்து நின்று, திரும்பப் போய்ப் பற்றவைத்தேன். அம்மா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து ஒன்றை எடுத்துக் கடித்து, "சக்கரை சித்தெ எச்சு" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். நான் சட்டி காலியாகும்வரை தின்றேன்.

10-ம் தேதி உங்களைப் போலீஸ் காவலில் கூட்டிவருவார்கள் என்று வக்கீல் சொன்னார். எனக்குப் பயமில்லை என்று எழுத மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. கூண்டில் ஏறியதும், அடித்தவர் இங்கே இருக்கிறாரா, காட்டுங்கள் என்று கேட்பார்களாம். அப்போது தலையைக் குனிந்துகொள்ளாதீர்கள். எனக்கு ஒரு கண்ணில்தான் ஆள் தெரிகிறது. முகத்தை நிமிர்த்தி என் பக்கம் வைத்திருங்கள்.

தனப்பிரியா